பாப்பாவுக்கு கஞ்சி காய்ச்சுற தண்ணி எது?

என் கிளினிக்குக்கு வர்ற பிள்ளைங்க நெறைய பேர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி கையைத்தான் தூக்குவாங்க. பேசுனா கை, சிரிச்சா கை, பேரு என்னன்னு கேட்டா அதுக்கும் கை குறுக்க வந்துடும். தர்மபுரியில பல் டாக்டரா 16 வருஷமா இருக்கேன், அந்தக் கை எதை மறைக்குதுன்னு பாத்ததுமே தெரிஞ்சிடும். மேல் முன்பல்லு ரெண்டுலயும் சுண்ணாம்பு தடவுன மாதிரி வெள்ளைக் கோடு, நடுவுல டிகாஷன் ஊத்துன மாதிரி பழுப்பு. அம்மாக்கள் பாவம், சாம்பல் போட்டு தேச்சிருப்பாங்க, உப்பு போட்டு தேச்சிருப்பாங்க, எலுமிச்சம்பழம் கூட தேச்சிருப்பாங்க, ஈறுதான் புண்ணாயிருக்குமே ஒழிய கறை போயிருக்காது. ஏன்னா அது பல்லு மேல படிஞ்ச அழுக்கு இல்ல, பல்லு உருவாகும்போதே எனாமலுக்குள்ள, அதாவது பல்லோட வெளி ஓட்டுக்குள்ள, விழுந்தது. குடிக்கற தண்ணியில இருக்கற ஃப்ளோரைடுங்கற தாதுவால வர்றது.

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் இது ஊரறிஞ்ச விஷயம்தான், புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா இந்தப் பதிவு பெரிய பிள்ளைங்களுக்கு இல்லைங்க. மாசமா இருக்கறவங்களுக்கும் கைக்குழந்தை வச்சிருக்கறவங்களுக்கும் எழுதுறேன். காரணம் கேளுங்க.

8 வயசுல நீங்க பாக்கற அந்த மேல் முன்பல்லு இருக்கே, அது ஈறுக்குள்ள உருவாக ஆரம்பிக்கறது குழந்தை பொறந்து 3, 4 மாசத்துல. அதோட எனாமல் முழுசா கட்டி முடிய 4, 5 வயசு ஆயிடும். 7 வயசுக்கு மேலதான் வெளிய வருது. அப்ப இன்னைக்கு உங்க இடுப்புல இருக்கற பாப்பாவோட கல்யாண வயசுலயும் இருக்கப்போற நிலைப்பல்லு, இப்ப நீங்க ஊட்டுற கஞ்சியில, இப்ப கலக்குற பவுடர் பால்லதான் உருவாகிட்டு இருக்கு. பால்பல்லு வெள்ளையா முத்து மாதிரி இருக்கும், அதைப் பாத்து ஒண்ணும் ஆகலன்னு நெனச்சுக்குவோம். கறை தெரியும்போது நம்மளால தடுக்க ஒண்ணும் இருக்காது, கறை லேசா இருந்தா மேலாக்க தேச்சு எடுக்கலாம், அதிகமா இருந்தா அதுக்கு மேல பல்லு கலர்ல பூசி மறைக்கலாம், அவ்வளவுதான், அதுக்கும் காசு ஆகும், வருஷம் போனா மறுபடி பூசணும்.

எனக்கு இது மனசுல தச்ச சம்பவம் ஒண்ணு இருக்கு. கிளினிக் போட்ட புதுசு. பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு அம்மா 9 வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க, நல்லா பழுப்பேறுன பல்லு. அரை மணி நேரம் அந்தப் பையன் பல்லையே பாத்தேன், ஃப்ளோரைடு பத்தி பாடமே எடுத்தேன், போர் தண்ணிய குடிக்காதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவங்க இடுப்புல ஒரு பொம்பளைப் பாப்பா இருந்துச்சு, 7, 8 மாசம் இருக்கும், கையில பால் பாட்டில். அந்தப் பாட்டில்ல என்ன தண்ணின்னு நான் கேக்கல. தோணவே இல்ல. அந்தப் பாப்பா வளந்து அண்ணனுக்கு வந்த அதே வயசுல அதே நாற்காலியில வந்து உக்காந்தா, கையை வாய்க்கு முன்னாடி வச்சுக்கிட்டு. அவங்க அம்மா "அவன் பெரிய பையன், அவனுக்குத்தான் தண்ணிய மாத்துனேன் டாக்டரம்மா, இது பால்தானே குடிச்சிட்டு இருந்துச்சு"ன்னு சொன்னாங்க. அந்தம்மா மேல தப்பே இல்ல. நான் சொல்லலை. பெரியவனோட முன்பல்லு வெளிய வந்து முடிஞ்சாச்சு, தண்ணிய மாத்தி அதுல இனி ஒண்ணும் ஆகப்போறதில்ல, மாத்த வேண்டியது சின்னதுக்கு. அன்னைலேருந்து யார் வந்தாலும், பெரியவங்க பல்லு புடுங்க வந்தாக்கூட, வீட்டுல கைக்குழந்தை இருக்கா, அதுக்கு என்ன தண்ணின்னு கேட்டுட்டுத்தான் அனுப்புறேன்.

முதல் 6 மாசத்துக்கு பதில் ரொம்ப சுலபம், தாய்ப்பால் மட்டும். அம்மா ஃப்ளோரைடு தண்ணியே குடிச்சாலும் அது தாய்ப்பால்ல ரொம்ப ரொம்ப கொஞ்சமாத்தான் வருது, உடம்பே வடிகட்டிக் குடுக்குது. இதை விட நல்ல ஃபில்டர் எந்தக் கடையிலயும் கிடைக்காது. ஆனா நம்ம ஊர்ல சித்திரை வெயில்ல "நாக்கு வறண்டுடும் கண்ணு, ரெண்டு பாலாடை தண்ணி குடு"ன்னு பாட்டிங்க சொல்லுவாங்க, பாசத்துலதான் சொல்றாங்க, ஆனா தாய்ப்பால்ல 100-க்கு 88 பங்கு தண்ணிதான் இருக்கு, தனியா தண்ணியே வேண்டாம். சர்க்கரைத் தண்ணி, தேன், கிரைப் வாட்டர் ஒண்ணும் வேண்டாம். தேன் 1 வயசு வரைக்கும் நாக்குல தடவக்கூட கூடாது, அது வேற காரணம், பச்சக்குழந்தை உயிருக்கே ஆபத்தான விஷக்கிருமி அதுல இருக்கலாம். தாய்ப்பால் போதாம பவுடர் பால் குடுக்கறவங்கதான் முதல் நாள்லேருந்தே தண்ணியில கவனமா இருக்கணும், ஏன்னா அந்தக் குழந்தையோட மொத்த சாப்பாடே தண்ணிதான்.

6 மாசத்துக்கு அப்புறம் கஞ்சி. நம்ம பக்கம்னா ராகிதான், அதுல எனக்கு ரொம்பப் பெருமை, 100 கிராம் ராகியில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, அரிசியெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது. ஒரு தடவை பென்னாகரம் பக்கம் கேம்ப் போனப்ப ஒரு வீட்டுல கஞ்சி எப்படி காய்ச்சுறாங்கன்னு நின்னு பாத்தேன். ராத்திரி ஊற வச்ச ராகிய அரைச்சு, வெள்ளைத் துணியில வடிகட்டி, அந்தப் பாலை அடுப்புல வச்சு கட்டி தட்டாம கிண்டிக்கிட்டே அந்தப் பொண்ணு சொல்லுது, "ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்தி ஒரு டம்ளரா சுண்டக் காய்ச்சுவேன் மேடம், அப்பதான் கிருமி போவும்". சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம், பாத்திரத்தை சுடுதண்ணியில அலசி வச்சிருக்கு. ஆனா தண்ணி வீட்டு போர் தண்ணி. இங்கதான் விஷயமே இருக்கு. கொதிக்க வச்சா கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணி ஆவியா போயிடும், ஃப்ளோரைடு அப்படியே பாத்திரத்துல நிக்கும், ரெண்டு டம்ளர்ல இருந்தது இப்ப ஒரு டம்ளர்ல இருக்கு. ராகியில இருக்கற கால்சியம் அதுல கொஞ்சத்தைப் புடிச்சு வச்சுக்கும்தான், அதை நம்பி தண்ணிய விட்டுட முடியாது.

கணக்கு போட்டுப் பாருங்க. குடிதண்ணியில லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் ஃப்ளோரைடு இருக்கலாம், வேற தண்ணியே இல்லாட்டி 1.5 வரைக்கும்னு நம்ம நாட்டு தர நிர்ணயம் சொல்லுது. உங்க போர்ல 2 இருக்குன்னு வைங்க. பவுடர் பால், கஞ்சி, குடிக்க எல்லாம் சேத்து பாப்பாவுக்கு அரை லிட்டர் போகுதுன்னா 1 மில்லிகிராம் உள்ள போச்சு. 6 மாசத்துலேருந்து 1 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 0.9 தாண்டக் கூடாதுன்னு அமெரிக்காவுல வரையறை வச்சிருக்காங்க. இதுல சுண்டக் காய்ச்சுனது, சோறு வேக வச்ச தண்ணியெல்லாம் நான் சேக்கவே இல்ல.

"எங்க தண்ணி தேங்காத்தண்ணி மாதிரி இருக்கும் டாக்டரம்மா, உப்பே கெடையாது" இதையும் அடிக்கடி கேப்பேன். ஃப்ளோரைடுக்கு ருசி இல்ல, வாசனை இல்ல, நிறம் இல்ல. சொல்லப்போனா கால்சியம் கம்மியா இருக்கற மெல்லிசான தண்ணியிலதான் பாறையிலேருந்து ஃப்ளோரைடு அதிகமா கரையும். பாத்திரத்துல வெள்ளையா உப்பு படியுதா இல்லையாங்கறதை வச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதீங்க. நம்ம அடியில இருக்கறது கருங்கல் பாறை, அதுல ஃப்ளோரைடு இருக்கற கனிமங்கள் இருக்கு, ஆழமா போட்ட போர்ல தண்ணி பாறையோடவே ரொம்ப நாள் கெடந்து வருது. ஒரு தெருவுல 1-க்கு கீழ இருக்கும், அடுத்த தெருவுல 3 இருக்கும், அதனால பக்கத்து வீட்டு ரிசல்ட்டை உங்க வீட்டுக்கு எடுத்துக்காதீங்க.

இப்ப எந்தத் தண்ணிதான் குடுக்கறது? ஒகேனக்கல் தண்ணி. ஜப்பான் கடனுதவியில ரெண்டு மாவட்டத்துக்கும் போட்ட திட்டம், 2013-ல தண்ணி விட ஆரம்பிச்சாங்க, அதோட பேர்லயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு அதிகமாகி பல்லு, எலும்பு கெடறது) பாதிப்பைக் குறைக்கறதுன்னு இருக்கு, இதுக்காகவே வந்த தண்ணி அது. ஆனா நம்ம ஆளுங்க ஒகேனக்கல் தண்ணிய துணி துவைக்க புடிச்சுட்டு, ருசியா இருக்குன்னு போர் தண்ணிய குடிக்க வச்சுக்கறதை நானே பாத்திருக்கேன், தயவு செஞ்சு மாத்திக்கோங்க. இன்னொண்ணு, உங்க ஊர் மேல்நிலைத் தொட்டியில ஒகேனக்கல் தண்ணி மட்டும் ஏறுதா இல்ல போர் தண்ணியும் சேந்து ஏறுதான்னு டேங்க் ஆபரேட்டர்கிட்ட கேட்டுக்கோங்க, கேக்கறதுல ஒண்ணும் தப்பில்ல. பைப் தண்ணி தினம் வரலைன்னா பாப்பாவுக்குன்னு தனியா ஒரு மூடி போட்ட குடத்துல புடிச்சு வைங்க. அதுவும் இல்லைன்னா ஆர்.ஓ. தண்ணி. சாதாரண கேண்டில் ஃபில்டர், யூ.வி. மெஷின் இதெல்லாம் ஃப்ளோரைடை எடுக்காது, ஆர்.ஓ. எடுக்கும். "குடும்பத்துக்கே கேன் வாங்க வசதி இல்ல மேடம்"னு சொல்றவங்களுக்கு நான் சொல்றது, குடும்பத்துக்கு வாங்க வேண்டாம், பாப்பாவுக்கு மட்டும் வாங்குங்க. பால், கஞ்சி, பருப்பு வேக வைக்க, குடிக்கன்னு ஒரு நாளைக்கு 3 லிட்டர் தாராளம், 20 லிட்டர் கேன் ஆறேழு நாள் வரும். கேன் தண்ணியா இருந்தாலும் கொதிக்க வச்சு ஆற வச்சுத்தான் குடுக்கணும், கிருமிக்காக. மொட்டை மாடியை நல்லா கழுவிட்டு, முதல் மழைய விட்டுட்டு புடிச்ச மழைத்தண்ணியில ஃப்ளோரைடு இருக்கறதே இல்லைன்னு சொல்லலாம், நம்ம தாத்தா பாட்டி அண்டாவுல புடிச்சு வச்சது சும்மா இல்ல.

டீ. இதை நான் கெஞ்சிக் கேக்கறேன். 1 வயசுப் பிள்ளைக்கு டம்ளர்ல டீய ஆத்தி பிஸ்கட்டை முக்கிக் குடுக்கற பழக்கம் நம்ம பக்கம் ரொம்ப இருக்கு. டீ இலையிலயே ஃப்ளோரைடு அதிகம், போர் தண்ணியில போட்டா ரெண்டும் சேருது, போதாததுக்கு சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்தையும் உடம்புல சேர விடாது. டீய நிறுத்துங்க. அதுக்கு பதிலா முட்டை, பால், கொய்யாப்பழம், நெல்லிக்காய், முருங்கைக்கீரை இதெல்லாம் பழக்குங்க, கால்சியமும் வைட்டமின் சி-யும் உடம்புல நல்லா இருந்தா ஃப்ளோரைடோட பாதிப்பு குறையும்.

மாசமா இருக்கறவங்களுக்கு. "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறேன், ரத்தம் ஏறவே மாட்டேங்குது"ன்னு சொல்றவங்களை நெறைய பாக்கறேன். ஃப்ளோரோசிஸ் ஆராய்ச்சிக்குப் பேர் போன டாக்டர் ஏ.கே. சுசீலா டெல்லியில கர்ப்பிணிங்க கிட்ட ஒரு ஆய்வு பண்ணி 2010-ல வெளியிட்டாங்க. ஃப்ளோரைடு இருக்கற தண்ணி, சாப்பாட்டை விலக்கி, பால், காய், பழம்னு சத்தா சாப்பிட வச்சப்போ ஹீமோகுளோபின் ஏறுச்சு, எடை கம்மியா பொறக்கற குழந்தைங்களும் குறைஞ்சாங்க. ஃப்ளோரைடு குடல் சுவரைக் கெடுத்துடறதால சத்து உள்ள சேராமப் போகுதுங்கறது அவங்க சொல்ற காரணம். அதுக்காக மாத்திரைய நிறுத்திடாதீங்க, நர்ஸம்மா குடுக்கற இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ரெண்டும் வேணும், ஆனா ஒரே நேரத்துல போடாதீங்க, ஒண்ணை ஒண்ணு தடுக்கும். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு பிரிச்சுக்கோங்க, டீயோட வேண்டவே வேண்டாம். அப்புறம் இந்த நேரத்துல பல்லு விளக்குனா ஈறுல ரத்தம் வர்றது ஹார்மோனால, அதுக்கு பயந்து விளக்காம விட்டா இன்னும்தான் அதிகமாகும். பல்லு வலின்னா பிரசவம் ஆகட்டும்னு பொறுத்துக்கிட்டு கெடக்காதீங்க, நடு 3 மாசத்துல வைத்தியம் பாத்துக்கறது நல்லது, மாசமா இருக்கறதை மட்டும் முதல்லயே சொல்லிடுங்க.

பேஸ்ட் விஷயத்துல என் அபிப்பிராயம் இது. பல்லு முளைச்ச நாள்லேருந்தே விளக்கணும், ராத்திரி பால் பாட்டில வாயில வச்சுக்கிட்டே தூங்க விடக் கூடாது. ஒகேனக்கல் தண்ணியோ ஆர்.ஓ. தண்ணியோ குடிக்கற வீட்டுல 3 வயசு வரைக்கும் ஒரு அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும், விளம்பரத்துல வர்ற மாதிரி பிரஷ் முழுக்க வேண்டாம். போர் தண்ணி வீட்டுல, துப்பத் தெரியாத குழந்தைக்கு நான் ஃப்ளோரைடு இல்லாத பேஸ்ட்தான் சொல்லுவேன். எதுவா இருந்தாலும் பேஸ்ட்டை குழந்தை கைக்கு எட்ற இடத்துல வைக்காதீங்க, இனிப்பா இருக்கறதால சப்பி முழுங்கிடுதுங்க.

தண்ணிய டெஸ்ட் பண்றதுக்கு பஞ்சாயத்துல கிட் இருக்கான்னு முதல்ல கேளுங்க, இல்லைன்னா குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேப் இருக்கு. கண்ணாடி பாட்டில் வேண்டாம், 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில எடுத்துக்கோங்க. மோட்டாரை அஞ்சு நிமிஷம் ஓட விட்டு, அதே தண்ணியில பாட்டில மூணு தடவை அலசிட்டு, கழுத்து வரைக்கும் புடிச்சு மூடுங்க. சோப்பு போட்டு கழுவ வேண்டாம். மழைக்கு அப்புறம் ஒரு தடவை, ஏப்ரல் மே-ல ஒரு தடவை பாத்துடுங்க, தண்ணி கீழ போகப் போக அளவு மாறும். பாட்டில் மேல ஊர் பேரு, தேதி, போரா பைப்பான்னு எழுதி ஒட்டுங்க, ரிசல்ட் வந்ததும் பாப்பாவோட தடுப்பூசி அட்டைக்குள்ளயே வச்சுடுங்க, அடுத்த ஊசிக்குப் போறப்ப நர்ஸம்மாவும் பாத்துக்கட்டும்.