சிறுவர் ஏ.டி.வி.யின் பிரேக்கில் ஒரு மில்லிலிட்டர் காற்று

சிறுவர்கள் ஓட்டும் ஏ.டி.வி. எனப்படும் சிறிய நாற்சக்கர வண்டியின் பிரேக் லீவர், அழுத்தும்போது மெத்தென்று உள்வாங்கிக் கைப்பிடியைத் தொட்டுவிடுகிறது என்றால், குறை பிரேக் பேடுகளில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் குறை ஹோஸுக்குள் இருக்கும் திரவத்தில் இருக்கும். இன்னும் சரியாகச் சொன்னால், திரவம் இருக்க வேண்டிய இடத்தில் புகுந்துவிட்ட காற்றில் இருக்கும். பெரியவர்களின் கை லீவரை இரண்டு மூன்று முறை விட்டுவிட்டு அழுத்திச் சமாளித்துவிடும். எட்டு வயதுக் குழந்தைக்கோ விரல்கள் லீவரை எட்டுவதே பெரும்பாடு. தவிர, பிரேக் தளர்ந்துவிட்டது என்று குழந்தை வந்து சொல்வதில்லை. சற்று முன்கூட்டியே அழுத்தப் பழகிக்கொள்கிறது. ஆகவே லீவரை அவ்வப்போது தம் கையால் அழுத்திப் பார்ப்பது பெரியவர்களின் வேலை.

காற்று ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்பதை ஒரு சிறு கணக்கைக் கொண்டு விளக்கலாம். மூடிய கலத்தில் அடைபட்ட திரவத்தின் மீது ஓரிடத்தில் தரும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் வகுத்த விதி. கைப்பிடியில், லீவர் அழுத்தும்போது திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 12.7 மில்லிமீட்டர் என்றும், சக்கரத்தருகே பேடுகளைத் தாங்கும் காலிப்பரில் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு பிஸ்டன் இருக்கிறது என்றும் கொள்வோம். குழந்தை 50 நியூட்டன் விசையுடன், அதாவது ஐந்து கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு, லீவரை இழுக்கிறது. லீவரின் நெம்புவிகிதம் ஐந்து என்றால் அது 250 நியூட்டனாகிப் பிஸ்டனைத் தள்ளும். திரவத்தில் ஏறத்தாழ 20 வளிமண்டல அழுத்தம் உண்டாகும். காலிப்பர் பிஸ்டனின் பரப்பு ஐந்தரை மடங்கு பெரியது என்பதால், அது சுமார் 1,400 நியூட்டன் விசையோடு பேடைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மீது அழுத்தும். ஐந்து கிலோ, 140 கிலோவாகிவிட்டது.

இந்தப் பெருக்கத்துக்கு விலை உண்டு. விசை எத்தனை மடங்கு கூடுகிறதோ, நகர்வு அத்தனை மடங்கு குறையும். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் 10 மில்லிமீட்டர் நகர்ந்தால் இடம்பெயரும் திரவம் வெறும் 1.27 மில்லிலிட்டர்தான். இப்போது ஹோஸில் எங்கோ ஒரு மில்லிலிட்டர் காற்றுக் குமிழி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 20 மடங்கு ஏறும்போது அந்தக் குமிழி 0.05 மில்லிலிட்டராகச் சுருங்கும்; அதாவது லீவர் தள்ளிய திரவத்தில் முக்கால் பங்கு குமிழியைச் சுருக்குவதற்கே செலவாகிவிடும், பேடை நகர்த்த எஞ்சுவது கால் பங்குதான். திரவத்தைச் சுருக்குவது காற்றைச் சுருக்குவதைவிடப் பல ஆயிரம் மடங்கு கடினம் என்பதால்தான் திரவ பிரேக் வேலை செய்கிறது. குமிழி நுழைந்தவுடன் அந்த அடிப்படையே ஆட்டம் கண்டுவிடுகிறது.

பிரேக் ஆயில் என்றே எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அது எண்ணெய் அன்று. டாட் என்பது திரவத்தின் தரக் குறியீடு; டாட் 3, டாட் 4, டாட் 5.1 ஆகிய மூன்றும் கிளைக்கால் ஈதர் வகைத் திரவங்கள். இவை நீரை விரும்பி ஈர்ப்பவை. மூடியின் வழியாக மட்டுமன்றி ரப்பர் ஹோஸின் சுவரை ஊடுருவியும் காற்றின் ஈரம் மெல்ல உள்ளே வருகிறது. இது குறையாகத் தோன்றினாலும் ஒருவகையில் நன்மையே: கரையாத நீர் காலிப்பரின் அடியில் துளியாகத் தேங்கி ஓரிடத்தையே அரித்துவிடும், கரைந்த நீரோ பரவிக் கிடக்கும். ஆனால் பரவிய நீர் கொதிநிலையை இறக்கும். புதிய டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தர விதி, ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் கலந்த பிறகு அந்த எல்லை 155 டிகிரி. டாட் 3 திரவத்துக்கு இவை முறையே 205, 140. இங்கே ஓர் எச்சரிக்கை: டாட் 5 என்பது சிலிக்கோன் திரவம், எண் நெருக்கமாக இருக்கிறதே என்று அதை டாட் 5.1 உடனோ மற்றவற்றுடனோ கலக்கக் கூடாது.

பந்தயக் கார்களைப் பற்றிப் படித்தவர்கள் பிரேக் ஆயில் கொதிப்பதைத்தான் முதல் ஆபத்தாகச் சொல்வார்கள். சிறுவர் வண்டிக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் கணிப்பு. வண்டியும் குழந்தையும் சேர்ந்து 155 கிலோ, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால், முழுமையாக நிறுத்தும்போது வெளிப்படும் ஆற்றல் 3,700 ஜூல் அளவே. அரை கிலோ எஃகு டிஸ்க் அத்தனையையும் வாங்கிக்கொண்டாலும் அதன் வெப்பநிலை 16 டிகிரிதான் உயரும். விதிவிலக்கு ஒன்று உண்டு: நிறுத்தி வைப்பதற்கான பூட்டு பாதி விழுந்த நிலையிலோ, விரல்களை லீவரின் மீதே வைத்தபடியோ குழந்தை ஓட்டிக்கொண்டிருந்தால் பேடு ஓயாமல் உரசி, சூடு ஏறிக்கொண்டே போகும். மற்றபடி இவ்வண்டிகளைக் கெடுப்பது மாதக்கணக்கில் சும்மா நிற்பதும், சேறும், கழுவும் நீரும், அவற்றால் உள்ளே படியும் அரிப்பும்தான். பல உற்பத்தியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றச் சொல்வது, எவ்வளவு தூரம் ஓடியது என்பதைக் கணக்கில் கொள்ளாமல்தான்.

மாற்றும் முறை எளிது; வரிசை தவறினால்தான் சிக்கல். முதலில் ஹேண்டில் பாரைத் திருப்பி மாஸ்டர் சிலிண்டரின் கிண்ணம் மட்டமாக இருக்கும்படி வைத்து, மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே திருகுகளைக் கழற்ற வேண்டும். கிண்ணத்தில் இருக்கும் பழைய திரவத்தை ஊசியில்லா சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, முத்திரை உடையாத புதிய புட்டியிலிருந்து, மூடியின் மீது அச்சிட்டுள்ள அதே வகைத் திரவத்தை ஊற்றலாம். இத்திரவம் பெயின்ட்டைக் கரைத்துவிடும் என்பதால், சிந்திய இடத்தை உடனே நீரால் கழுவ வேண்டும். பெட்ரோலோ எஞ்சின் ஆயிலோ அருகில் வரக் கூடாது. அவை பட்டால் உள்ளிருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும்.

காலிப்பரின் உச்சியில் இருக்கும், காற்றை வெளியேற்றுவதற்கான சிறு துளைத்திருகான பிளீடர் நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைச் சிறிது திரவம் உள்ள பாட்டிலில் மூழ்க விட வேண்டும். ஒருவர் லீவரை மெதுவாக அழுத்திப் பிடித்திருக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறார். பழுப்பு நிறத் திரவமும் குமிழிகளும் வெளியேறுகின்றன. நிப்பிளை மூடிய பின்னரே லீவரை விட வேண்டும். இந்த ஒரு விதியை மறந்து லீவரை முதலில் விட்டால், வெளியேறியது திரும்ப உள்ளே உறிஞ்சப்படும். பழைய வண்டியில் லீவரைக் கைப்பிடி வரை இழுக்காமல், இடையில் ஒரு கட்டையை வைத்துத் தடுப்பது நல்லது. பிஸ்டன் வழக்கமாகப் போகாத பகுதியில் அரிப்பு இருந்தால் சீல் கிழியும். கிண்ணம் ஒருமுறை வற்றினாலும் மாஸ்டர் சிலிண்டர் காற்றை இழுத்துக்கொள்ளும், முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அழுக்கு போய்த் தெளிந்த திரவம் வந்த பிறகும் லீவர் இறுகவில்லை என்றால், குமிழியின் இயல்பை நினைத்துப் பார்க்க வேண்டும். அது மேலே ஏறவே விரும்பும். நாமோ அதைக் கீழே காலிப்பர் வழியாக வெளியேற்றப் பார்க்கிறோம். ஒரு அழுத்தில் ஒரு மில்லிலிட்டர்தான் நகரும் சிறிய சிலிண்டரில், குமிழி சற்றுத் தூரம் இறங்கி, அடுத்த அழுத்துக்குள் பாதி தூரம் திரும்ப ஏறிவிடும். இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்வதே அறிவுடைமை என்பேன்: கிண்ணத்தில் இடம் விட்டு, சிரிஞ்சால் நிப்பிள் வழியாகப் புதிய திரவத்தைக் கீழிருந்து மெதுவாகச் செலுத்தினால், குமிழி தனக்குப் பிடித்த வழியிலேயே வெளியேறும். மாஸ்டர் சிலிண்டரோடு ஹோஸ் சேரும் வளைவில் காற்று பதுங்கியிருப்பதும் உண்டு. அப்போது ஹேண்டில் பாரைத் திருப்பி அந்த வளைவைச் சற்றுத் தாழ்த்திவிட்டு லீவரை மெல்ல மெல்ல அசைத்தால், கிண்ணத்தின் அடியிலுள்ள ஊசித்துளை வழியாகச் சிறு குமிழிகள் வரிசையாக எழும். வெற்றிடப் பம்பு வைத்திருப்பவர்கள் குழாயில் ஓயாமல் குமிழி வருவதைக் கண்டு குழம்புவார்கள். அது பெரும்பாலும் நிப்பிளின் மரை வழியாகக் கசிந்து நுழையும் வெளிக்காற்று.

கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. சூட்டில் விரியும் திரவத்துக்கு இடம் இல்லையென்றால் அது பேடைத் தள்ளி உரச வைக்கும். மூடியை இறுக்கிய பின் லீவரை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பாருங்கள்: மெல்ல மெல்லத் தாழ்ந்தால் எங்கோ கசிவு அல்லது உள்ளே சீல் தேய்வு, காற்று அல்ல, எத்தனை முறை காற்று எடுத்தாலும் அது தீராது. அசையாமல் நின்றால், லீவரின் தூரத் திருகைக் குழந்தையின் விரலுக்கேற்ப அமைத்துவிட்டு, வண்டியை நடக்கும் வேகத்தில் தள்ளிக்கொண்டே பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு நிற்கவும், லீவரை விட்டதும் உரசாமல் சுழலவும் வேண்டும். அதன் பிறகே குழந்தையை ஏற்ற வேண்டும்.