மணி யார் கையில்? ஜாஸ், ரெகே, ஹிப்ஹாப் தாளங்கள் இயங்கும் விதம்

கானாவின் தென்கிழக்கிலும் டோகோவிலும் வாழும் எவே மக்களின் மேளக் குழுவில், மிகக் குறைவாக வேலை செய்பவர் போலத் தெரிபவர் மணி அடிப்பவர்தான். அவர் கையில் இருப்பது காங்கோகுயி. பெரிதும் சிறிதுமாக ஒரே காம்பில் சேர்ந்த இரண்டு இரும்பு மணிகள். உள்ளே நாக்கு கிடையாது, குச்சியால் தட்ட வேண்டும். ஆட்டம் எவ்வளவு நேரம் நீண்டாலும் அவர் ஒரே உருவத்தைத்தான் தட்டிக்கொண்டிருப்பார். ஆனால் அவர் பிசகினால் மொத்தக் குழுவும் கவிழ்ந்துவிடும். தலைமை மேளக்காரர் பிசகினால் அவ்வளவு சேதம் இல்லை.

அந்த உருவம் 12 சிறு துடிப்புகள் கொண்ட ஒரு சுற்று. 7 இடங்களில் அடி விழும்:

● – ● – ● ● – ● – ● – ●

அதாவது 1, 3, 5, 6, 8, 10, 12. அடிகளுக்கு இடையே உள்ள தூரத்தை எழுதினால் 2-2-1-2-2-2-1. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. சங்கராபரணத்தின் ஸ்வரங்களுக்கு இடையிலான தூரமும் இதேதான். இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை. 12 இடங்களில் 7 புள்ளிகளை முடிந்தவரை சமமாகப் பரப்பினால் இந்த வரிசையோ, இதைச் சுழற்றிய வரிசையோதான் கிடைக்கும்.

ஆடுபவர்களின் கால் இந்தச் சுற்றை நான்காகப் பிரித்து 1, 4, 7, 10-ல் விழுகிறது. மணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காலும் மணியும் சேருவது 1-லும் 10-லும் மட்டும். 4, 7 ஆகிய இரண்டு முக்கியமான இடங்களில் மணி பேசாமல் இருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் விழுவது இந்தக் குழியில்தான். முதல் மூன்று அடிகள் 1, 3, 5 என்று இரண்டிரண்டாக வருவதால், ‘இது இரண்டு இரண்டாகப் போகும் தாளம்’ என்று காது தீர்மானித்துவிடும். அடுத்த அடி 7-ல் வரும் என்று காத்திருக்கும்போது அது ஒரு துடிப்பு முந்தி 6-ல் விழுகிறது. அங்கிருந்து 6, 8, 10, 12 என்று மறுபடி இரண்டிரண்டாகவே போய், 12-க்கு அடுத்த துடிப்பிலேயே 1. ஒரே நடைதான், ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை சறுக்குகிறது. காலை ஊன்றி வைத்திருப்பவருக்கு இந்தச் சறுக்கல் சுகமாக இருக்கும். காலை மணியோடு சேர்த்து ஓடவிட்டவர் தொலைந்துபோவார்.

இதன் சிறிய வடிவத்தை மேசையிலேயே செய்து பார்க்கலாம். ஆறு வரை சீராக எண்ணுங்கள். வலது கை 1, 3, 5-ல். இடது கை 1, 4-ல். சேர்த்துக் கேட்டால் இரு கையும், இடைவெளி, வலம், இடம், வலம், இடைவெளி. முதலில் மெதுவாக, எண்ணை வாயால் சொல்லிக்கொண்டே தட்டுங்கள். பெரும்பாலும் நடக்கும் தவறு என்னவென்றால், இரண்டு நிமிடத்தில் கை இதை ஒரே வரியாக மனப்பாடம் செய்துகொண்டு, இடது கை வலது கையின் வாலாகிவிடும். சரியாக வருகிறதா என்று பார்க்க, தட்டிக்கொண்டே கவனத்தை ஒரு சுற்று இடது கையிலும் அடுத்த சுற்று வலது கையிலும் வையுங்கள். மூன்றும் இரண்டும் மாறி மாறிக் கேட்டால் வந்துவிட்டது. இலங்கையில் பைலா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். போர்த்துகீசியரோடும் அங்கே கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோடும் வந்த அந்த 6/8 நடையிலும் இதே இழுபறி உண்டு.

இதில் இரண்டு விதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, ஒருவர் மட்டும் மாறாமல் நிற்க, மற்றவர்கள் அவர்மேல் சாய்ந்து விளையாட வேண்டும். இரண்டாவது, முக்கியமான அடியை ஒலிக்காமல் விடலாம். அதை ஆடுபவரின் கால் போட்டுக்கொள்ளும். அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனது இந்த விதிகள்தான். மேளம் போன இடமும் உண்டு, போகாத இடமும் உண்டு. ‘ஆப்பிரிக்க இசை’ என்று ஒற்றைப் பெயரில் ஏதோ ஒன்று கப்பல் ஏறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செனகாம்பியாவின் தந்தி வாத்தியக்காரர்கள், கானா கரையின் அகான் மக்கள், காங்கோப் படுகையின் மக்கள் எல்லாரும் வெவ்வேறு மரபினர். அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்ட சுமார் 1.25 கோடிப் பேரில் இன்றைய அமெரிக்க நாட்டுக்கு நேரடியாக வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. ஜமைக்கா என்ற சின்னத் தீவில் இறக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 10 லட்சம்.

தென் கரோலினாவில் 1739-ல் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் மேளம் கொட்டி ஆள் சேர்த்துக் கிளர்ந்தார்கள். மறு ஆண்டே வந்த சட்டம் மேளத்தையும் கொம்பையும் தடை செய்தது. அதன்பின் மணி எங்கே போயிற்று என்று தெரிய, ஜார்ஜியா கடலோரத்தில் இன்றும் நடக்கும் ரிங் ஷவுட் வழிபாட்டைப் பார்க்க வேண்டும். ஒருவர் உட்கார்ந்து துடைப்பக் கட்டையைச் செங்குத்தாகப் பிடித்துப் பலகைத் தரையில் இடிப்பார். சுற்றி நிற்பவர்கள் அதற்கு எதிராகக் கைதட்டுவார்கள். எட்டுத் துடிப்பை 3-3-2 என்று பிரிக்கும் தட்டு. வட்டத்தில் நகர்பவர்கள் காலைத் தூக்காமல், குறுக்கே மாற்றி வைக்காமல் இழுத்து இழுத்து நடப்பார்கள். காலைக் குறுக்கே வைத்தால் அது ஆட்டம் ஆகிவிடும், தேவாலயம் ஒப்பாது. மணி இரும்பிலிருந்து கட்டைக்கு மாறியது, அவ்வளவுதான்.

நியூ ஆர்லியன்ஸில் நிலைமை வேறு. 1817-ல் நகர நிர்வாகம் அடிமைகளின் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகைகளை ஒரே இடத்துக்குள் அடக்கியது. அந்த இடம் காங்கோ சதுக்கம் என்று பெயர் பெற்றது. கட்டடக் கலைஞர் லாட்ரோப் 1819-ல் அங்கே பார்த்த மேளங்களையும், சுரைக்குடுக்கை உடல் கொண்ட ஒரு தந்தி வாத்தியத்தையும் படமாக வரைந்து வைத்திருக்கிறார். அதே ஊரில் பின்னர் அணிவகுப்பு பேண்டுகள் பெருகின. அவற்றில் பெரிய மேளத்துக்கு ஒருவர், ஸ்நேர் என்ற சிறு மேளத்துக்கு ஒருவர். பெரிய மேளத்தைக் காலால் அடிக்கும் பெடல் வந்தபின் (லட்விக் நிறுவனத்தின் பெடல் 1909-ல் வந்தது) ஒரே ஆள் நான்கு கை கால்களையும் வைத்து ஒரு குழுவின் வேலையைச் செய்ய முடிந்தது. டிரம் செட் என்பது ஒரு நாற்காலியில் உட்காரவைக்கப்பட்ட மேளக் குழு.

அந்தச் செட்டில் மணியின் வேலையைக் கடைசியில் எடுத்துக்கொண்டது ரைடு சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டு. ‘டிங், டிங்-க-டிங்’ என்று மாறாமல் ஓடும் அந்த வரிமேல்தான் மற்ற மூன்று கை கால்களும் வம்பு பண்ணும். ஸ்விங் என்றால் ஓர் அடியை 2:1 என்று பிரிப்பது எனப் பாடப்புத்தகம் சொல்லும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடி 500 மில்லிசெகண்ட்; அதில் நீண்டது 333, குட்டை 167. கணினியில் இதை அப்படியே போட்டால் குதிரை வண்டி ஓடுவதுபோல இருக்கும், ஜாஸ் வராது. ஸ்வீடனில் ஃப்ரிபெர்க், சுண்ட்ஸ்ட்ரோம் இருவரும் ஒலிப்பதிவுகளை அளந்து 2002-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த விகிதம் வேகத்தோடு மாறுகிறது. மெதுவான பாட்டில் 3.5:1 வரை இழுபடும், வேகமான பாட்டில் 1:1-ஐ நெருங்கும். நடு வேகத்துக்கு மேல் குட்டை அடி சுமார் 100 மில்லிசெகண்டுக்குக் கீழே சுருங்க மறுக்கிறது. எனவே நிமிடத்துக்கு 240 அடியில் ஓர் அடி 250 என்றால் பங்கீடு 150-க்கு 100. 300 அடியில் பாதிக்குப் பாதி.

இன்னொரு நுணுக்கமும் அதே அளவீட்டில் தெரிந்தது. தனி வாசிப்பவர் சிம்பலின் நேர் அடிக்குக் கொஞ்சம் பிந்தி வருகிறார்; இடையில் வரும் குட்டை அடியில் மட்டும் சிம்பலோடு சரியாகச் சேர்ந்துகொள்கிறார். ஜெர்மனியின் கோட்டிங்கன் இயற்பியலாளர்கள் 2022-ல் இதைச் சோதனையாகவே செய்தார்கள். நேர் அடிகளை மட்டும் சுமார் 30 மில்லிசெகண்ட் தாமதப்படுத்திய பதிவுகளே அதிக ஸ்விங் உள்ளவையாக இசைக்கலைஞர்களுக்குக் கேட்டன. ஆனால் ஏன் அப்படிக் கேட்கிறது என்பதை அவர்களால் பெரும்பாலும் சொல்ல முடியவில்லை. எல்லா அடியையும் ஒரே அளவு பிந்தவைத்தால் அது வெறும் தாமதம். ஓர் இடத்தில் பிரிந்து இன்னோர் இடத்தில் சேர வேண்டும். எவே மணியும் காலும் 4-ல் பிரிந்து 10-ல் சேர்வதும் இதே கூத்துதான், அளவு மட்டும் பெரிது.

ஒலியின் நிறத்திலும் ஒரு தொடர்ச்சி உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் பாலஃபோன் வாத்தியத்தில் மரச் சட்டங்களுக்குக் கீழே தொங்கும் சுரைக்குடுக்கைகளில் துளை போட்டு, சிலந்தி முட்டைக் கூட்டின் மெல்லிய படலத்தை அதன்மேல் ஒட்டுவார்கள். அடித்தால் ‘ர்ர்’ என்று அதிரும். சுத்தமான சுரம் அவர்களுக்கு அரைகுறைச் சுரம். நியூயார்க்கில் 1920-களில் ஜாஸ் கலைஞர் பப்பர் மைலி டிரம்பெட் வாயைக் கழிவறை பிளஞ்சரின் ரப்பரால் மூடித் திறந்து, தொண்டையிலிருந்து உறுமியபோது தேடியது இதே கரகரப்பைத்தான்.

ஜமைக்காவில் மேளமே நேராகப் பிழைத்தது. அடிமை முறை ஒழிந்தபின் ஒப்பந்தக் கூலிகளாக வந்த காங்கோ மக்களின் குமினா சடங்கில், மேளத்தைப் படுக்கப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து கையால் அடிப்பார்கள். குதிகாலைத் தோலில் அழுத்தித் தளர்த்திச் சுருதியை ஏற்றி இறக்குவார்கள். ராஸ்தஃபாரி சமயத்தினரின் நயாபிங்கி மேளத்தில் மூவர்: பாஸ், ஃபுண்டே, ரிப்பீட்டர். ஃபுண்டே இதயத் துடிப்புபோல இரட்டை அடியை விடாமல் போடும்; அதுதான் மணி. பேசுவது, அதாவது அதன்மேல் மாற்றி மாற்றி வாசிப்பது, ரிப்பீட்டர். எவே குழுவில் பேசும் மேளம் ஆளுயரப் பெரியது. இங்கே மூன்றிலும் சிறியது. ராஸ்தஃபாரி மேளக்காரர் கவுண்ட் ஆஸியின் குழு 1960-ல் பிரின்ஸ் பஸ்டர் தயாரித்த ‘ஓ கரோலினா’ பதிவில் வாசித்தபோது, இந்த மேளம் ஜமைக்காவின் ஜனரஞ்சக இசைக்குள் வந்தது.

ரெகேயின் ‘ஒன் டிராப்’ தாளத்தை நான்காக எண்ணுங்கள், நிமிடத்துக்கு 140 அளவில். 1-ல் டிரம்மில் கிக் (காலால் அடிக்கும் பெரிய மேளம்) இல்லை. 2-லும் 4-லும் கிட்டாரின் ‘ஸ்காங்க்’ என்ற வெட்டு அடி. 3-ல் கிக்கும் ஸ்நேரின் விளிம்பில் குச்சியும் சேர்ந்து ஒரே அடி. ஆர்கன் இருந்தால் இடக்கை, வலக்கை, இடக்கை என்று குமிழியிடும். வலக்கை கிட்டாரோடு 2-லும் 4-லும் விழும், இடக்கை அதற்கு அரை அடி முன்னும் பின்னும். பாஸ் கிட்டார்தான் இங்கே பேசும் மேளம். அதுவும் பல நேரம் 1-ஐத் தாண்டிக் குதிக்கும். பாப் மார்லியின் குழுவில் கார்ல்டன் பேரட் வாசித்ததைக் கேட்டால் இந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று புரியும்.

ராக் வாசித்துப் பழகிய டிரம்மர் இதில் செய்யும் முதல் தவறு, பயத்தில் 1-ல் ஒரு கிக் போட்டுவிடுவது. போட்டதும் ஆட்டம் செத்துவிடும். அந்த இடத்தில் இறங்க வேண்டியது ஆடுபவரின் உடம்பு. கிட்டார்காரர் செய்யும் தவறு, ஸ்வரத்தை நீட்டுவது. வலது கை அடித்த கணத்திலேயே இடது கை விரல்களைத் தளர்த்த வேண்டும், தந்தியைத் தொட்டபடி. தளர்த்தாவிட்டால் 2-ம் 3-ம் ஒட்டிக்கொண்டு, கிக் விழ இடமிருக்காது.

கிங்ஸ்டனில் பிறந்து 1967-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸுக்குக் குடிபோன ஒரு பையன், அங்கே டிஜே கூல் ஹெர்க் ஆனான். 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520-ம் எண் கட்டடத்தின் கூடத்தில் தங்கை வைத்த விருந்துக்கு இசை போட்டான். ஃபங்க் பாட்டுகளில் எல்லாரும் நின்றுவிட்டு டிரம் மட்டும் ஓடும் சில நொடிகள் வரும்போது ஆடுபவர்கள் வெறியாகிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்திருந்தான். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகள், அவற்றைச் சுழற்ற இரண்டு டர்ன்டேபிள். ஒன்றில் அந்த ‘பிரேக்’ ஓடும்போது மற்றதைப் பின்னால் திருப்பிவைப்பது, முடிந்ததும் மாறுவது.

ஹெர்க்கின் கை மாறும் இடத்தில் தாளம் தடுக்கியது. அதைச் சரிசெய்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. நிமிடத்துக்கு 100 அடி வேகப் பாட்டில் நாலடி கொண்ட ஒரு பார் 2.4 நொடி, அதாவது ஒன்றேகால் சுற்றுக்குச் சற்று அதிகம். ஃபிளாஷ் தட்டின்மேல் கிரேயானால் கோடு போட்டு, கடிகார முள்ளைப்போல அது எத்தனை சுற்று பின்னால் வர வேண்டும் என்று எண்ணித் திருப்பினார். தட்டுக்கு அடியில் இருந்த ரப்பர் விரிப்பு அதைப் பிடித்து இழுத்ததால், கஞ்சி போட்டு இஸ்திரி செய்த ஃபெல்ட் துணியை வைத்தார். மேலே தட்டை விரலால் நிறுத்தினாலும் கீழே மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். விட்டதும் தட்டு வேகம் பிடித்துவிடும்.

பிறகு இதே வேலையைச் சாம்ப்ளர் செய்தது. ஒலித்துண்டுகளைப் பதிந்து திரும்ப ஓட்டும் பெட்டி அது. 1987-ல் வந்த எஸ்பி-1200 சாம்ப்ளரில் மொத்தம் சுமார் 10 நொடிதான் பதியலாம். ஆகவே 33 தட்டை 45 வேகத்தில் ஓட்டிப் பதிந்து, பெட்டிக்குள் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள். 10 நொடியில் 13.5 நொடி அடங்கும். அதற்குக் கொடுத்த விலை, மேல் சுருதிகள் மழுங்கிக் கரகரப்பு ஏறும். அந்தக் கரகரப்புக்காகவே இன்றும் அந்தப் பெட்டியைத் தேடி அலைகிறார்கள்.

திரும்பத் திரும்ப ஓடும் லூப்தான் இங்கே மணி, ராப் பாடுபவர்தான் பேசும் மேளம். டெட்ராய்டின் ஹிப்ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். அவருடைய எம்பிசி-3000 சாம்ப்ளர் பெட்டி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எம்பிசியில் ஸ்விங் 50 சதவீதம் என்றால் சமம், 66 என்றால் ஏறக்குறைய 2:1, உச்சம் 75. டில்லா எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைக் கொடுக்காமல் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக நகர்த்தினார்.

வீட்டுக் கணினியில் செய்து பார்க்க, வேகத்தை 90-ல் வையுங்கள். ஓர் அடியின் நான்கில் ஒரு பங்கு 167 மில்லிசெகண்ட். ஹை-ஹாட்டை (மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்) கணினி காட்டும் கட்டத்தில் பிசகாமல் விடுங்கள். ஸ்நேரை 15 முதல் 20 மில்லிசெகண்ட் முன்னால் தள்ளுங்கள். கிக்கைக் கட்டத்தில் ஒட்டாமல் விரலால் தட்டிப் பதியுங்கள், இரண்டு மூன்று முறை. இப்போது ஹை-ஹாட்டையும் கொஞ்சம் கலைத்துப் பாருங்கள். அதுவரை தள்ளாடி ஆடிக்கொண்டிருந்தது, வாசிக்கத் தெரியாதவர் வாசித்ததுபோல ஆகிவிடும்.