ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கு, மோட்டார் மட்டும் ஓடுது: அட்ரீனல் சுரப்பியால வர்ற பிரஷர்

1954ல அமெரிக்கால, மிச்சிகன் யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரில 34 வயசு பெண் ஒருத்தங்க வந்து சேர்ந்தாங்க. ஏழு வருஷமா கை கால் இழுத்துக்கும், சில சமயம் கால்ல தெம்பே இல்லாம போயிடும், கூடவே பிரஷர், ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் கம்மி. அவங்களைப் பார்த்தவர் ஜெரோம் கான்னு ஒரு டாக்டர். இவர் ரெண்டாம் உலகப்போர் நேரத்துல வேற ஒரு ஆராய்ச்சில இருந்தவர், புழுக்கமான ஊர்ல போய் சண்டை போடுற சிப்பாய்ங்க உடம்பு அந்த வெயிலுக்கு எப்படிப் பழகுதுன்னு பார்த்தது. நாள் ஆக ஆக அவங்க வேர்வைல உப்பு குறைஞ்சுக்கிட்டே வரும், உடம்பு உப்பை வெளிய விடாம பிடிச்சு வச்சுக்கும், அதுக்கு அட்ரீனல் சுரப்பில இருந்து வர்ற ஏதோ ஒரு ஹார்மோன்தான் காரணம்னு அவருக்கு அப்பவே தோணியிருக்கு. அதனால இந்தப் பொண்ணோட வேர்வையையும் எச்சிலையும் டெஸ்ட் பண்ணினார், ரெண்டுலயும் சோடியம் ரொம்பக் கொஞ்சம். வெயில்ல வேலை பார்க்காத ஒருத்தங்க உடம்பு எதுக்கு உப்பை இப்படி இறுக்கிப் பிடிக்குது?

அந்த வருஷம் டிசம்பர்ல ஆபரேஷன். ரெண்டு அட்ரீனலையும் எடுத்துடலாம்னுதான் முடிவு பண்ணி உள்ள போனாங்க, பார்த்தா வலது பக்கம் ஒரு கட்டி. அதை மட்டும் எடுத்தாங்க, பொட்டாசியம் சரியாச்சு, பிரஷரும் இறங்குச்சு. இன்னைக்கும் இந்த வியாதிக்கு கான் சிண்ட்ரோம்னு பேர் இருக்கு, டாக்டருங்க பிரைமரி ஆல்டோஸ்டிரோனிசம்னு எழுதுவாங்க.

சரி, உள்ள என்ன நடக்குது? மொட்டை மாடி டேங்க்ல தண்ணி குறைஞ்சா மோட்டார் தானா ஓடி, ரொம்பினதும் நிக்கிற மாதிரி ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் வைக்கிறோம்ல, நம்ம உடம்புலயும் அப்படி ஒண்ணு இருக்கு. கிட்னிக்கு வர்ற ரத்த அழுத்தம் குறைஞ்சா கிட்னி ரெனின்னு ஒண்ணை விடும், அது ஆஞ்சியோடென்சின்னு இன்னொண்ணை உருவாக்கும், அது போய் கிட்னி தலைமேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரீனலைத் தட்டி ஆல்டோஸ்டிரோனை சுரக்க வைக்கும். ஆல்டோஸ்டிரோன் கிட்னிகிட்ட உப்பை வெளிய விடாத, பதிலுக்கு பொட்டாசியத்தை அனுப்புன்னு சொல்லும். உப்பு தங்கினா தண்ணியும் தங்கும், பிரஷர் ஏறும், ஏறினதும் ரெனின் அடங்கிடும். ரெனின்தான் ஸ்விட்ச், ஆல்டோஸ்டிரோன்தான் மோட்டார். இந்த வியாதில ஒரு பக்க அட்ரீனல்ல சின்னக் கட்டி வந்தோ, இல்ல ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா வீங்கியோ, ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கும்போதே மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும்.

கண்டுபிடிக்கிறதும் இதை வச்சுதான். ஒரே ரத்த சாம்பிள்ல ரெண்டையும் அளந்து, ஆல்டோஸ்டிரோனை ரெனினால வகுத்துப் பார்ப்பாங்க. ரெனின் தரையோட தரையா கிடக்க ஆல்டோஸ்டிரோன் மட்டும் ஏறி நின்னா சந்தேகம் உறுதியாகுது. காலைல எழுந்து ரெண்டு மணி நேரம் நடமாடிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு ரத்தம் எடுப்பாங்க, பொட்டாசியம் கம்மியா இருந்தா அதை முதல்ல ஏத்தணும். சில பிபி மாத்திரைங்க ரிசல்ட்டை மாத்திடும், ஆனா அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க, எதை நிறுத்தணும் எத்தனை நாள் நிறுத்தணும்னு டாக்டர் சொல்லட்டும். சில பேருக்கு நாலு மணி நேரத்துல ரெண்டு லிட்டர் சலைன் ஏத்தி, அப்பவும் ஆல்டோஸ்டிரோன் அடங்கலையான்னும் பார்ப்பாங்க.

எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இதுதான், இந்த வியாதி அரிதுன்னே பல காலம் நினைச்சுட்டாங்க. பொட்டாசியம் குறைஞ்சாதான் தேடணும்னு இருந்தது, உண்மைல பாதிப் பேருக்கு மேல பொட்டாசியம் நார்மலாவே இருக்கும். பிரஷர் இருக்கிறவங்கள்ல 100 பேர்ல 5லருந்து 10 பேருக்கு இது இருக்கலாம், மூணு மாத்திரை போட்டும் அடங்காதவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்குக்கூட இருக்கலாம். அவங்களும் உப்பைக் குறை, டென்ஷன் ஆகாதன்னு கேட்டுக்கேட்டு, மாத்திரை மேல மாத்திரை சேர்த்துக்கிட்டே போறாங்க. அதே அளவு சாதா பிரஷரை விட இதுல இதயத்துக்கும் மூளைக்கும் கிட்னிக்கும் ஆகுற சேதம் அதிகம், ஏன்னா அந்த ஹார்மோனே நேரா இதயத்தையும் ரத்தக்குழாயையும் கெடுக்கும். பிரஷர் இருக்கிற எல்லாருக்கும் ஒரு தடவையாவது இந்த டெஸ்ட் பண்ணலாம்னு 2025ல எண்டோகிரைன் சொசைட்டிங்கிற ஹார்மோன் டாக்டருங்க சங்கம் சொல்லியிருக்கு, இது எப்பவோ வந்திருக்க வேண்டியது.

அடுத்து எந்தப் பக்கம்னு தெரியணும். சிடி ஸ்கேன் மட்டும் பத்தாது, வயசானா எந்த வேலையும் செய்யாத சும்மா கட்டிங்க அட்ரீனல்ல நிறைய வரும், ஸ்கேன்ல அது பெருசா தெரியும், நிஜமா சுரக்கிறது மறுபக்கமா இருக்கும். அதனால தொடை இடுக்கு வழியா மெல்லிய குழாயை விட்டு, ரெண்டு அட்ரீனல் நரம்புல இருந்தும் தனித்தனியா ரத்தம் எடுப்பாங்க (நரம்புன்னு நான் சொல்றது சிரையைத்தான், ஊசி போடும்போது நரம்பு கிடைக்கலன்னு சொல்வோமே அது). இடது பக்கம் கொஞ்சம் சுலபம், அது கிட்னி சிரைல போய் சேருது. வலது பக்கம் ரொம்பக் குட்டையா, நேரா பெரிய சிரைல போய் விழும், அதுக்குள்ள நுழையறது பெரிய கைவேலை, பழகின ஆளுங்ககிட்ட செஞ்சுக்கறதுதான் நல்லது. குழாய் சரியான இடத்துக்குத்தான் போச்சான்னு தெரிஞ்சுக்க அதே ரத்தத்துல, அட்ரீனல் சுரக்கிற இன்னொரு ஹார்மோனான கார்டிசோலையும் அளப்பாங்க.

ஒரு பக்கம்னா லேப்ராஸ்கோப்பில அந்த அட்ரீனலை எடுத்துடலாம், மிச்சம் ஒண்ணு போதும். 2017ல வந்த ஒரு பன்னாட்டு ஆய்வுல ஆபரேஷன் ஆனவங்கள்ல 94 சதவீதம் பேருக்கு ஹார்மோன் சரியாயிடுச்சு, ஆனா மாத்திரையே வேண்டாம்ங்கிற அளவுக்குப் போனவங்க 37 சதவீதம்தான். வருஷக்கணக்கா பிரஷர் அடிச்சு இறுகிப்போன ரத்தக்குழாய் உடனே இளகாது, அதனால சீக்கிரம் கண்டுபிடிச்சவங்களுக்கும் வயசு கம்மியானவங்களுக்கும் பலன் கூடுதல். மத்தவங்களுக்கும் பெரும்பாலும் மாத்திரை குறையும்.

ரெண்டு பக்கமும்னா ஸ்பைரோனோலாக்டோன், ஆல்டோஸ்டிரோன் போய் ஒட்டுற இடத்தை அடைச்சுக்கிற மாத்திரை, விலையும் கம்மி. சில ஆம்பளைங்களுக்கு மார்பு வீங்கி வலிக்கும், கூச்சப்பட்டு மறைக்காம சொன்னா எப்ளெரினோன்னு மாத்தி எழுதுவாங்க. இதைப் போட்டா பொட்டாசியம் ஏறும், அதனால அப்பப்ப ரத்தம் பார்க்கணும், தினம் இளநீர் குடிக்கிறவங்க, சோடியம் கம்மி உப்பு வாங்குறவங்க டாக்டர்கிட்ட அதைச் சொல்லிடுங்க, அந்த உப்புல சோடியத்துக்குப் பதிலா பொட்டாசியம் கலந்திருக்கும். கிட்னில கோளாறு இருந்தா இன்னும் கவனம்.

அட்ரீனல்ல இருந்து வேற விதமாவும் பிரஷர் வரும். திடீர் திடீர்னு தலைவலி, படபடப்பு, வேர்வைன்னு வந்தா அட்ரினலின் விடுற கட்டியா இருக்கலாம், முகம் உருண்டு வயிறு மட்டும் பெருத்தா கார்டிசோலா இருக்கலாம், அதுக்கெல்லாம் டெஸ்ட்டே வேற. இன்னொண்ணு, இருமலுக்கு அதிமதுரத்தை மாசக்கணக்கா சாப்பிடுறவங்களுக்கு அட்ரீனல் நல்லா இருந்தும் இதே மாதிரி பொட்டாசியம் குறைஞ்சு பிரஷர் ஏறும், நாட்டு மருந்துதானேன்னு டாக்டர்கிட்ட சொல்லாம விட்டுடாதீங்க.

மாத்திரைல இருக்கிறவங்க கொஞ்ச மாசம் கழிச்சு ரெனினை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பிரஷர் இறங்கியும் ரெனின் இன்னும் அடங்கியே கிடந்தா டோஸ் பத்தாம இருக்கலாம், அது மெல்ல எழுந்திருச்சா ஆல்டோஸ்டிரோனோட பிடி விட்டிருக்கு.