விருந்தாளியாகிப்போன அப்பா

மணவிலக்குப் பெற்ற தந்தையர் ஆலோசனைக்கு வரும்போது, குழந்தையை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்கிறீர்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. "கடைசியாக எப்போது குழந்தைக்கு நகம் வெட்டிவிட்டீர்கள்?" என்று கேட்பேன். பலரும் பதில் சொல்லாமல் தலைகுனிந்துகொள்வார்கள்.

ஒருவர் வாரந்தவறாமல் தம் ஏழு வயது மகளைப் பார்த்துவந்தார். ஒவ்வொரு முறையும் பொம்மைக் கடை, பூங்கா, திரைப்படம். ஒருநாள் அவள், "அப்பா, இன்றைக்கு எங்கேயும் போகாமல் சும்மா இருக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். தன்னோடு வெளியே வர மகளுக்குப் பிடிக்கவில்லை என்று எண்ணி அவர் உடைந்துபோயிருந்தார். எனக்கோ அந்தக் கேள்வியில் ஏக்கம்தான் தெரிந்தது. விருந்தாளியைப் போல வந்துபோகும் அப்பா அவளுக்குப் போதவில்லை. பள்ளிப் பையைப் பிரித்துப் பார்க்கிற, "போதும், போய்ப் படு" என்று அதட்டுகிற பழைய அப்பா வேண்டும்.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. பால் அமாட்டோ, ஜோன் கில்பிரெத் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 63 ஆய்வுகளைத் தொகுத்து 1999-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிரிந்து வாழும் தந்தை எத்தனை முறை வந்து பார்க்கிறார் என்பதைவிட, அன்போடு கண்டிப்பும் காட்டி வளர்ப்பதில் பங்கெடுக்கிறாரா என்பதே குழந்தையின் நலனோடு அதிகம் தொடர்புடையதாக இருந்தது. பராமரிப்புத் தொகையை ஒழுங்காகக் கொடுப்பதும் அப்படியே. அந்தப் பணத்தை முன்னாள் மனைவிக்குச் செலுத்தும் அபராதமாக நினைக்கும் தந்தையரிடம் இதை அழுத்திச் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. அப்பா கொண்டாட்டத்துக்கு மட்டும் என்றாகிவிட்டால், "கூடாது" என்று சொல்லும் பொறுப்பு முழுவதும் அம்மாவின் தலையில் விழுகிறது. களைத்துப்போன தாயின் கோபம் கடைசியில் குழந்தையிடம்தான் வெடிக்கும்.

வன்முறை நடந்த வீடுகளுக்கு இதெல்லாம் பொருந்தாது. பெற்றோர் இருவரோடும் தொடர்பில் இருக்கக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று சொல்லும் 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையே, அது குழந்தையின் நலனுக்கு எதிராக இல்லாதவரை என்றுதான் சொல்கிறது.

தந்தையர் தங்களைப் பற்றிப் பேசுவது அரிது. தூக்கமில்லை, வயிறு சரியில்லை என்பார்கள். தனிமை என்ற சொல் வாயில் வராது. வாழ்க்கை மாற்றங்கள் தரும் அழுத்தத்தை அளக்க ஹோம்ஸ், ராஹே என்ற மனநல மருத்துவர்கள் 1967-இல் உருவாக்கிய அளவுகோலில், துணையின் மரணத்துக்கு 100 புள்ளிகள். அதற்கு அடுத்த இடத்தில் மணவிலக்கு, 73. இவ்வளவு பெரிய இழப்பை வாய்திறக்காமல் சுமப்பவர், ஒரு பலவீனமான நொடியில் குழந்தையிடமே இறக்கிவைத்துவிடுகிறார்: "நீ இல்லாவிட்டால் அப்பாவுக்கு யாருமே இல்லை." இதைக் கேட்ட பிள்ளை, அம்மா வீட்டில் சிரிக்கக்கூடத் தயங்கும். அப்பாவைப் பார்த்துக்கொள்வது தன் வேலை என்று நம்பத் தொடங்கிவிடும். தயவுசெய்து அந்தச் சொற்களை ஒரு நண்பரிடமோ உடன்பிறந்தவரிடமோ சொல்லுங்கள்.

குழந்தையைத் திருப்பி விட்டுவிட்டு வெற்று வீட்டுக்குள் நுழையும் அந்த மாலைதான் மிகக் கடினம் என்று பலர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். அன்று எங்கே போவது, யாரோடு இருப்பது என்பதை முந்தின நாளே முடிவுசெய்து வையுங்கள். இரண்டு வாரங்களாகத் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் மனம் செல்லவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் போதும், அன்றைக்கே போங்கள்.