பிரிண்டர் எங்க இருக்குன்னு லேப்டாப்புக்கு யார் சொல்றா?

"பிரிண்டரும் லேப்டாப்பும் ஒரே வைஃபைலதான் இருக்கு, லிஸ்ட்ல பிரிண்டர் பேரு கூட தெரியுது, ஆனா பிரிண்ட் கொடுத்தா ஆஃப்லைன்னு வருது, ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது, என்ன சார் மர்மம் இது"ன்னு வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார்.

மர்மமெல்லாம் இல்ல. ரவுட்டருக்கு ஒரு பேரு வச்சு, டபிள்யூபிஏ2 இல்லன்னா 3ங்கிற வைஃபை பூட்டைப் போட்டு, அதே பாஸ்வேர்டை பிரிண்டரோட குட்டி ஸ்க்ரீன்ல அம்புக்குறிய அமுக்கி அமுக்கி ஒவ்வொரு எழுத்தா அடிக்கிற வரைக்கும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். நிறைய வீட்டு பிரிண்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் புரியும், லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸ்ல இருந்தாலும் பரவால்ல, சாதாரணமா ரெண்டும் ஒரே நெட்வொர்க்தான். உள்ள வந்த ஒவ்வொண்ணுக்கும் ரவுட்டர் 192.168.1.7 மாதிரி ஒரு ஐபி நம்பர் கொடுக்கும், ஆனா அது வாடகைக்குத்தான், நாளைக்கு வேற நம்பர் கிடைக்கலாம்.

அப்போ நம்பர் மாறிக்கிட்டே இருக்கிற பிரிண்டரை லேப்டாப் எப்படி கண்டுபிடிக்குது? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். கல்யாண மண்டபத்துல மைக்கைப் பிடிச்சு "வெள்ளைக் கலர் கார் யாரோடது, கொஞ்சம் வந்து எடுங்க"ன்னு சொல்லுவாங்கல்ல, அதையேதான் லேப்டாப்பும் பண்ணுது. 224.0.0.251ங்கிற பொது முகவரிக்கு, 5353ங்கிற போர்ட்ல, அதாவது வாசல் நம்பர்ல, "இங்க பிரிண்டர் யாராவது இருக்கீங்களா"ன்னு ஒரு கேள்வி போடும். டிவி, போன் எல்லாத்துக்கும் அது கேக்கும், பதில் சொல்றது பிரிண்டர் மட்டும்: என் பேரு இது, என் நம்பர் இது, 631வது போர்ட்ல வா, கலர் உண்டு, ரெண்டு பக்கமும் அடிப்பேன். இதுக்குப் பேரு எம்டிஎன்எஸ். மேல இருந்து நிர்வாகம் பண்ண ஒரு சர்வர் கிடையாது, எல்லாரும் சமம்.

இதுல இருக்கிற நாகரிகம்தான் அழகு. ரெண்டு மூணு பிரிண்டர் இருந்தா எல்லாம் ஒரே நேரத்துல பேசி மோதிக்கக் கூடாதுன்னு ஒவ்வொண்ணும் 20லிருந்து 120 மில்லிசெகண்டுக்குள்ள இஷ்டத்துக்கு ஒரு நேரம் காத்திருந்துதான் பதில் சொல்லும். லேப்டாப்பும் கேக்கும்போதே "எனக்கு இவங்களை ஏற்கனவே தெரியும்"னு ஒரு பட்டியலை சேர்த்தே அனுப்பும், அதுல பேரு இருக்கிறவங்க சும்மா இருந்துக்குவாங்க. ஸ்விட்ச் ஆஃப் பண்ணும்போது "நான் கிளம்பறேன்"னு சொல்லிட்டுப் போறதுக்கும் விதி இருக்கு.

நம்ம ஊரு கரண்ட் கட்டுல மாட்டிக்கிறது அந்தக் கடைசி விதிதான். பட்டுனு கரண்ட் போனா பிரிண்டர் எங்க போய் சொல்லும்? பிரிண்டரோட பேரை 75 நிமிஷமும், நம்பரை 120 செகண்டும் ஞாபகம் வச்சுக்கலாம்னு விதியிலயே பரிந்துரை இருக்கு. அதனால பேரு லிஸ்ட்ல ஜம்முனு நிக்கும், ஆளு இருக்காது. வாசகர் பார்த்தது இதுவா இருக்கலாம்.

இன்னொரு சிக்கல் வைஃபையோடது. லேப்டாப்புக்கும் பிரிண்டருக்கும் நடுவுல ஒரு ஜாண்தான் இடைவெளி இருந்தாலும் பேச்சு ரவுட்டர் வழியாத்தான் போகும். ஒருத்தருக்கு மட்டும் போற சாதாரண பாக்கெட்டா, அதாவது தகவல் பொட்டலமா இருந்தா வாங்கினவர் "கிடைச்சுது"ன்னு சொல்லணும், சொல்லலன்னா திரும்ப அனுப்புவாங்க. எல்லாருக்கும் பொதுவா ரவுட்டர் அனுப்புறதுக்கு அந்த ரசீது கிடையாது, தொலைஞ்சா தொலைஞ்சதுதான். அதுவும் தூங்கற பிரிண்டர் அப்பப்போ முழிச்சு ரவுட்டர் சிக்னலைக் கேக்கறப்பதான் காதுல விழும், அரைத்தூக்கத்துல கோட்டை விட்டா நமக்கு ஆஃப்லைன்.

ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்றது பரிகாரம் மாதிரி தெரிஞ்சாலும் காரணம் இருக்கு, மறுபடி உள்ள வர்ற பிரிண்டர் "இந்தப் பேரு வேற யாருக்காவது இருக்கா"ன்னு மூணு தடவை கேட்டுட்டு தன்னை ஃப்ரெஷ்ஷா அறிவிச்சுக்கும். ஆனா ரேடியேஷனை உறிஞ்சுதுன்னு ரவுட்டர் மேல ஒட்ட ஒரு ஸ்டிக்கர் விக்கறாங்களே, அதுதான் நிஜ மூடநம்பிக்கை. அது அலையை உறிஞ்சினா வைஃபை வரக் கூடாது, வருதுன்னா உறிஞ்சல, அவ்வளவுதான் கணக்கு.

80கள்லயே ஆப்பிளோட ஆப்பிள்டாக்ங்கிற நெட்வொர்க் முறையில இந்த மாதிரி தானா கண்டுபிடிக்கிற வசதி இருந்துச்சு. இன்டர்நெட் முறைக்கு எல்லாரும் மாறினப்போ அது காணாம போச்சு. ஸ்டூவர்ட் செஷயர்ங்கிற கம்ப்யூட்டர் இன்ஜினியர் விடாம மல்லுக்கட்டி திரும்பக் கொண்டு வந்தார், 2002ல ஆப்பிள் ராந்தேவூன்னு வெளியிட்டு அப்புறம் பான்ஜூர்னு பேரு மாத்துச்சு, 2013ல ஆர்எஃப்சி 6762ன்னு பொது விதியாவும் வந்துச்சு. யார் வேணும்னாலும் காசு கொடுக்காம படிக்கலாம், நம்ம இன்ஜினியரிங் காலேஜ்ல பசங்களை பழைய கேள்வித்தாளை உருப்போட வைக்கறதுக்குப் பதிலா இதுல நாலு பக்கம் படிக்க வச்சா உருப்படுவாங்கங்கிறது என் அபிப்ராயம்.

சரி, வாசகருக்கு. லேப்டாப் கெஸ்ட் வைஃபைல இருக்கான்னு முதல்ல பாருங்க, பெரும்பாலும் அதுல ஒருத்தர் பேசறது இன்னொருத்தருக்குக் கேக்காது. விண்டோஸ்ல பிரிண்டரை ஐபி நம்பர் போட்டு சேர்த்திருந்தா அது பழைய நம்பரையே பிடிச்சுத் தொங்கும், அதனால ரவுட்டர் செட்டிங்ஸ்ல டிஹெச்சிபி ரிசர்வேஷன்னு இருக்கும், அதுல பிரிண்டருக்கு ஒரு நம்பரை நிரந்தரமா எழுதி வச்சிடுங்க.