வேலையிடத் தூசால் வரும் ஒவ்வாமை நுரையீரல் நோய்: ஈ.எஸ்.ஐ.யில் என்ன உரிமை உண்டு?

மூச்சிரைப்போடு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகும் பஞ்சாலைத் தொழிலாளியின் சீட்டில் ‘ஆஸ்துமா’ என்று மட்டும் எழுதப்பட்டால், அவருக்குக் கிடைப்பது சாதாரண நோய்க்கால உதவிதான். அதே மூச்சிரைப்பு வேலையால் வந்தது என்று பதிவானால், சட்டத்தின் பார்வையில் அது இயந்திரத்தில் விரல் போனதற்குச் சமமான ‘பணிக்காயம்’ ஆகிவிடும். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள பண வேறுபாடு சிறியதன்று.

1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதி (ஈ.எஸ்.ஐ.) சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொழில்வழி நோய்களை அ, ஆ, இ என்று மூன்று பகுதிகளாகப் பட்டியலிட்டது. வேலையோடு பிரிக்க முடியாத ஒவ்வாமைப் பொருள்களால் வரும் ஆஸ்துமா ஆ பகுதியில் உள்ளது. பேக்கரியில் பறக்கும் மாவு, தச்சுப்பட்டறையின் மரத்தூள், கார்களுக்கு அடிக்கும் இரு கலவைப் பெயின்டில் உள்ள ஐசோசயனேட் வேதிப்பொருள் போன்றவை இதற்குக் காரணமாகின்றன. பஞ்சு, சணல் தூசால் வரும் பிசினோசிஸ், கரும்புச் சக்கைத் தூசால் வரும் பகசோசிஸ், பூஞ்சை பிடித்த வைக்கோல், தானியம் போன்றவற்றின் தூசை மூச்சில் இழுப்பதால் வரும் ஒவ்வாமை நுண்ணறை அழற்சி (நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளில் வருவது) ஆகியவை இ பகுதியில் உள்ளன.

ஆ பகுதி நோய்க்கு அத்தகைய வேலையில் குறைந்தது 6 மாதம் தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும்; இ பகுதி நோய்க்கு எவ்வளவு காலம் என்பதை ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே ஈ.எஸ்.ஐ. கழகம் நிர்ணயிக்கிறது. அந்தக் காலம் நிறைந்துவிட்டால், மாறாக நிரூபிக்கப்படாத வரை, நோய் வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். ‘என் ஆலைத் தூசால்தான் வந்தது’ என்று தொழிலாளி ஆய்வகச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை என்பதே இந்த விதியின் பெரிய பலன்.

தொகையைப் பார்ப்போம். நாளொன்றுக்குச் சராசரியாக ரூ.500 கூலி வாங்குபவருக்குச் சாதாரண நோய்க்கால உதவி 70 சதவீதம், அதாவது ரூ.350, அதுவும் ஆண்டுக்கு 91 நாள்தான், உரிய சந்தா நாள்களும் (சந்தா கட்டப்பட்ட வேலை நாள்கள்) இருக்க வேண்டும். பணிக்காயம் என்றால் தற்காலிக ஊன உதவியாக 90 சதவீதம், அதாவது ரூ.450, இயலாமை நீடிக்கும் வரை கிடைக்கும்; இதற்குச் சந்தா நாள் நிபந்தனையே இல்லை. நுரையீரல் நிரந்தரமாகப் பழுதடைந்தால், வருவாய் ஈட்டும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்று என்பதைத் தொழில்வழி நோய்க்கான சிறப்பு மருத்துவக் குழு மதிப்பிடும். 30 சதவீதம் என்று முடிவானால் ரூ.450இல் 30 சதவீதம், நாளுக்கு ரூ.135, வாழ்நாள் முழுவதும் மாதந்தோறும் வரும். வேலையைத் தொடர்ந்தாலும் இது நிற்காது. இதை அறியாமல், ‘மனுப் போட்டால் வேலையை விட வேண்டியிருக்கும்’ என்று தயங்குவோர் வீணாக இழக்கிறார்கள்.

எல்லாம் மருத்துவர் எழுதும் முதல் குறிப்பில்தான் தொடங்குகிறது. அதனால், ‘பஞ்சாலையில் வேலை’ என்று சொல்லி நிறுத்தாமல், எந்தப் பிரிவு (ப்ளோ ரூமா, கார்டிங்கா, வேஸ்ட் பஞ்சு அறையா), எத்தனை ஆண்டு, எப்போது நெஞ்சு இறுக்கம் வருகிறது என்பதைச் சொல்லி எழுத வைக்க வேண்டும். நேரக் கணக்கு முக்கியமானது. பிசினோசிஸின் தொடக்கத்தில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு இறுகும். அடுத்த நாள்களில் தணியும். தொழில்வழி ஆஸ்துமா பெரும்பாலும் வேலை நாள்கள் கூடக்கூட மோசமாகி, விடுப்பில் தணியும். நுண்ணறை அழற்சியிலோ தூசுபட்டுச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் இருமலும் வருவதால், பலர் அதைச் சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் வேலை நாளிலும் விடுமுறையிலும் சில வாரங்கள் அளந்து, நேரத்தோடு குறித்து வைத்த நோட்டு, மருத்துவருக்கு வாய்ச்சொல்லைவிடப் பயன்படும். மருந்தகம் தயங்கினால் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவுக்கோ, சென்னை கே.கே. நகரில் உள்ள கழகத்தின் தொழில்வழி நோய் மையத்துக்கோ பரிந்துரை கேட்கலாம்.

குழுவின் சதவீதம் குறைவாகத் தோன்றினால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையோ ஈ.எஸ்.ஐ. நீதிமன்றத்தையோ நாடலாம். காலக்கெடு குறுகியது என்பதால் முடிவின் நகல் கைக்கு வந்த உடனே செயல்படுவது நல்லது.

இந்தப் பாதுகாப்பு, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறுவோருக்கானது. அதற்கு வெளியே இருப்போருக்கு 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வழிசெய்தது. அதில் முழு நிரந்தர ஊனத்துக்கு மாத ஊதியத்தின் 60 சதவீதத்தை வயதுக்கேற்ற காரணியால் பெருக்கி, முதலாளியே கொடுக்க வேண்டும். ஒரே நோய்க்கு இரண்டு வழியிலும் பெற முடியாது. 2025 நவம்பர் 21 முதல் இரு சட்டங்களும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. நோய்ப் பட்டியல் அதிலும் மூன்றாம் அட்டவணையாகவே இருக்கிறது. ஆனால் சட்டப் பிரிவு எண்கள் மாறியுள்ளதால், பழைய எண்ணைக் குறிப்பிட்டு மனு எழுதுவோர் புதியதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவருக்கும் இதே உரிமைதான். ஒப்பந்தக்காரர் சந்தா கட்டாவிட்டால் ஆலை நிர்வாகமே முதன்மை முதலாளி என்ற முறையில் கட்ட வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளி ஊர் திரும்பினாலும் அவருடைய காப்பீட்டு எண் மாறாது. நிரந்தர ஊன உதவி அவர் வங்கிக் கணக்கில் தொடர்ந்து சேரும்.