பேட்டரி: கட்டை, கலம், அடுக்கு

சேலத்தில் எந்த டூவீலர் மெக்கானிக் கடை வாசலில் நின்றாலும் ‘செல்ஃப் எடுக்கல’, ‘பேட்டரி டவுன்’, ‘பேட்டரி போயிடுச்சு’ என்ற மூன்று பேச்சும் காதில் விழும். மூன்றையும் ஒரே பொருளில்தான் சொல்கிறோம். ஆனால் அவை மூன்று தனித்தனிக் கோளாறுகள். ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டு நல்ல பேட்டரியைத் தூக்கிப் போட்டுப் புதிதாக வாங்குகிறவர்கள் நிறைய. பேட்டரி என்ற சொல்லின் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும் என்று நம்புகிறேன்.

சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, அங்கிருந்து நம்மிடம் வந்தது. அடித்தல் என்று பொருள்படும் வினைதான் அதன் வேர். அடிப்பதைக் குறித்த சொல், பிறகு கோட்டைச் சுவரை அடித்து உடைக்கும் பீரங்கிகளைக் குறித்தது. அப்புறம் வரிசையாக நிறுத்திய பீரங்கித் தொகுதிக்குப் பெயரானது. ராணுவத்தில் இன்றும் பீரங்கிப் பிரிவு ஒன்றை பேட்டரி என்றே அழைக்கிறார்கள். மின்சாரத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின். 1740களின் கடைசியில், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் லேடன் ஜாடிகள் பலவற்றை இணைத்து அவர் சோதனை செய்தார். அந்த ஜாடி வரிசைக்கு அவர் இட்ட பெயர் பேட்டரி. 1800இல் இத்தாலிய அறிவியலாளர் வோல்டா இரண்டு வகை உலோக வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, இடையில் உப்புநீரில் நனைத்த துணியோ அட்டையோ செருகி அடுக்கியபோது, அந்த அடுக்குக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1859இல் பிரெஞ்சு அறிவியலாளர் கஸ்தோன் பிளான்டே காரீயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு, தீர்ந்தபின் மறுபடி மின்னேற்றக்கூடிய ஒன்றைச் செய்தார். நம் வண்டி சீட்டுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் அதன் வம்சம்தான்.

ஆக, இந்தச் சொல்லின் உயிர் வரிசை என்பதில் இருக்கிறது. தனியாக இருக்கும் ஒன்று பேட்டரி ஆகாது.

இந்த வேறுபாடு நம் ஊர்ப் பேச்சில் ஏற்கெனவே இருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கிராமத்துப் பெரியவர்கள் டார்ச் லைட்டையே பேட்டரி என்பார்கள். அதற்குள் போடுவது கட்டை. ‘மூணு கட்டை பேட்டரி’ என்றால் மூன்று கலங்களை வரிசையாகப் போட்ட டார்ச். கட்டை தனி, பேட்டரி அதன் தொகுதி. அறிவியல் படித்து வந்த தெளிவு இல்லை இது, கையில் எடுத்துப் பழகியதால் வந்தது.

எழுத்துத் தமிழில் கட்டைக்கு மின்கலம், பேட்டரிக்கு மின்கல அடுக்கு. கலம் என்றால் பாத்திரம்; பழந்தமிழில் கப்பலுக்கும் அணிகலனுக்கும்கூட அது பெயர். அமிலத்தையும் தகட்டையும் தாங்கும் சிறு பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. அடுக்கு என்பதோ வோல்டா செய்ததையே அப்படியே சொல்கிறது. திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய வகையைச் சேமக்கலம் என்றும் சொல்வதுண்டு. பொதுவாகப் பேட்டரியையே மின்கலம் என்று எழுதிவிடுகிறார்கள். வண்டி விஷயத்தில் அது பெரிய பிழை என்பேன், காரணம் இருக்கிறது.

நம் 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு மின்கலங்கள் தொடராக நிற்கின்றன. முழுதாக ஏறிய கலம் ஒன்றுக்குச் சுமார் 2.1 வோல்ட், ஆறுக்கும் சேர்த்து 12.6 வரும். வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரால் பாருங்கள். 12.6க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. 12.2 என்றால் பாதி தீர்ந்திருக்கிறது. 12க்கும் கீழே என்றால் ஏறக்குறைய காலி, அதாவது டவுன், ஏற்றினால் பிழைக்கும். ஆனால் முழுதாக ஏற்றி ஒரு இரவு வைத்த பிறகும் 10.5 பக்கத்திலேயே நின்றால் கதை வேறு. 2.1 வோல்ட் குறைகிறது என்பதால், ஆறில் ஒரு கலம் இறந்துவிட்டது என்று தெரியும். ஹாரன் முனகும், விளக்கு மங்கலாக எரியும், செல்ஃப் மட்டும் சுற்றாது. ‘போயிடுச்சு’ என்ற சொல்லை இதற்குத்தான் வைத்திருக்க வேண்டும். அடுக்கு என்று நினைத்தால்தான் இந்தக் கணக்கு புத்தியில் படும்.

செல்ஃப் எடுக்கவில்லை என்பது மூன்றாவது. பட்டனை அழுத்தும்போது ‘டக டக டக’ என்று ரிலே (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை விடும் சுவிட்ச்) அடித்து விளக்கு சுருங்கினால் பேட்டரியையும் அதன் ஒயர் மாட்டும் டெர்மினலையும் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு ‘டக்’ கேட்டு விளக்கு பளிச்சென்று அப்படியே இருந்தால் ரிலேயையோ ஸ்டார்ட்டர் மோட்டாரையோ பார்க்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் முதலில் கில் சுவிட்ச் (இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்), சைடு ஸ்டாண்டு, கிளட்ச் சுவிட்ச், ஃபியூஸ். மோட்டார் வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு ஸ்பார்க் பிளக்குக்கும் பெட்ரோலுக்கும் போங்கள்.

இனி நம் மலைக்கு வருவோம். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரில். கீழே சித்திரை வெயில் 38, 39 டிகிரியைத் தொடும். மேலே மார்கழி இரவில் 15க்கும் கீழே இறங்கும். ‘ஏற்காட்டுக் குளிரில் பேட்டரி போயிடுச்சு’ என்று பலர் சொல்வார்கள். பழியை சேலத்து வெயில் மேல் போட வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது காரீய பேட்டரிக்குச் சொல்லப்படும் பழைய கணக்கு. வெயிலில் தகடு அரிக்கிறது, தண்ணீர் வற்றுகிறது. அப்போது நமக்கு ஒன்றும் தெரியாது. மலையில் ஒரு இரவு நிறுத்தினால் வேதிவினை மெதுவாகிறது, இன்ஜின் ஆயில் கெட்டியாகிறது. ஏற்கெனவே நலிந்த கலம் அன்று காலையில் அகப்பட்டுக்கொள்கிறது. நல்ல பேட்டரிக்கு ஏற்காட்டுக் குளிர் ஒரு பொருட்டே இல்லை.

பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் உருண்டே இறங்குகிறவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும், அதுவே உயிருக்கு ஆபத்து. பேட்டரிக்கும் கேடு. இன்ஜின் ஓடாவிட்டால் ஒரு துளி மின்சாரமும் ஏறாது. பழைய வகை பிரேக் லைட் பல்பு 21 வாட்; அது எரிய 1.75 ஆம்பியர் வேண்டும். அரை மணி நேரம் பிரேக்கில் கை வைத்தே இறங்கினால் 5 ஆம்பியர்-மணி (ஒரு ஆம்பியர் வீதம் ஐந்து மணி நேரம் தரும்) பேட்டரியில் ஆறில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். வளைவுக்கு வளைவு அடிக்கும் ஹாரன் தனி. அடிவாரத்தில் நின்று செல்ஃப் அழுத்தினால் எப்படி எடுக்கும்? கிக்கர் இல்லாத வண்டி என்றால் தள்ளி ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஸ்கூட்டருக்கு அதுவும் முடியாது. ஃபியூவல் இன்ஜெக்ஷன் பைக்கில் பம்ப்புக்கே மின்சாரம் இல்லாத அளவு இறங்கிவிட்டால் தள்ளியும் பயனில்லை.

சார்ஜ் ‘ஏறுவது’, ‘இறங்குவது’ என்று நாம் பேசுவதிலிருந்தே மின்னேற்றம், மின்னிறக்கம் என்ற சொற்களை இயல்பாக எடுத்துக்கொள்ளலாம். இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டால் தகட்டில் காரீய சல்பேட் இறுகிப் படியும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது. எஸ்டேட் வீட்டில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துகிறவர்கள் நெகட்டிவ் (கறுப்பு) ஒயரைக் கழற்றி வைப்பது நல்லது. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் ஏற்றுங்கள்: 5 ஆம்பியர்-மணிக்கு அரை ஆம்பியர். கார் சார்ஜரில் வேகமாக ஏற்றினால் சிறிய பேட்டரி சூடேறிக் கெட்டுவிடும். மூடி திறக்கும் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே; போர் தண்ணீரில் உள்ள உப்பு தகட்டைத் தின்றுவிடும்.

புது பேட்டரி மாட்டும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரைச் சற்று முறுக்கி வைத்து பேட்டரி முனைகளில் அளந்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 12லேயே நின்றால், மின்சாரத்தைச் சீராக்கி பேட்டரிக்கு அனுப்பும் ஆர்.ஆர். (ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) யூனிட்டோ, மின்சாரம் உண்டாக்கும் காயிலோ பழுது. புது பேட்டரியும் அதே வழியில் போகும். 15ஐத் தாண்டினால் அமிலத்தில் உள்ள தண்ணீர் வாயுவாகி வற்றும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்து, காயவிட்டு, வாசலின் தடவுங்கள். கழற்றும்போது கறுப்பு ஒயர் முதலில், மாட்டும்போது கடைசியில். மாற்றிச் செய்தால், சிவப்பு முனையைத் திருகும் ஸ்பேனர் சேசிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) பட்டவுடன் தீப்பொறி பறக்கும்.